நூறு இறாத்தல் அமோனியா: கோழிப் பண்ணைக் காற்றை யார் எண்ணுவது?

அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலைக் குழாயிலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் நூறு இறாத்தல், அதாவது 45 கிலோ, அமோனியா வாயு வெளியேறினால் அதை உடனடியாக அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறுவது சட்டமீறல். அதே நாட்டில் அதே வாயு, அதே நூறு இறாத்தல், ஒரு கோழிப் பண்ணையின் விசிறிகள் வழியாக ஒவ்வொரு நாளும் வெளியேறினால், மத்திய விதிகளின்படி யாருக்கும் எதுவும் அறிவிக்கத் தேவையில்லை என்று 2019 இல் ஆனது. இந்த இரண்டு நிலைமைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எப்படி வந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதும் நான் ஊரில் இரசாயனம் கற்பித்த விரிவுரையாளன். இப்போது கிழக்கு ரெக்ஸாஸில் கோழி இறைச்சி பதனிடும் தொழிற்சாலையொன்றில் குளிரறைப் பக்கம் வேலை செய்கிறேன். எங்கள் தலைக்கு மேலே ஓடும் குளிரூட்டற் குழாய்களுக்குள் இருப்பதும் அமோனியாதான். அது கசிந்தால் எந்தக் கதவால் ஓடுவது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று எதைப் பார்த்து அறிவது என்றெல்லாம் எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஆனால் இரவில் லொறிகளில் வந்திறங்கும் கோழிகள் எந்தக் கொட்டகைகளில் வளர்ந்தனவோ, அங்கே அதே வாயுவுக்குள் நின்று கோழி பிடிக்கும் தொழிலாளருக்கு அப்படியொரு பயிற்சி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் கண் சிவந்து, இருமிக்கொண்டு வருவார்கள். அவர்களிற் பெரும்பாலோர் எம்மைப் போலவே வேறெங்கிருந்தோ வந்தவர்கள்.

"சூழல், மாசு என்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் பேச்சு, அகதிகளுக்கு வேலைதான் முக்கியம்" என்று எம்மவர்கள் சொல்வதுண்டு. அதற்குப் பதிலைக் கடைசியிற் சொல்கிறேன். முதலில் விடயத்தைப் பார்ப்போம்.

1. எச்சம் எப்படி வாயுவாகிறது?

மனிதர் உடலின் மேலதிக நைதரசனை யூரியாவாக நீரிற் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைகள் அதை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது அதுதான். ஈரமும் சூடும் இருந்தால் பக்ரீரியாக்கள் யூரிக் அமிலத்தைப் படிப்படியாக உடைத்து யூரியாவாக்கி, அதிலிருந்து அமோனியாவை உண்டாக்குகின்றன.

ஊரில் வளவுக்குள் ஏழெட்டுக் கோழி வளர்த்தவர்களுக்கு இந்த நாற்றம் அவ்வளவாகத் தெரிந்திராது. எச்சம் வெயிலிற் காய்ந்துவிடும், காய்ந்த எச்சத்தில் பக்ரீரியா வேலை செய்யாது. இங்கே ஒரு கொட்டகைக்குள் இருபத்தையாயிரம் இறைச்சிக் கோழிகள் ஆழ்கூள முறையில் வளர்கின்றன. மரச்சீவலோ உமியோ பரப்பிய கூளத்தின் மேல் ஒரு தொகுதிக் கோழிகள் ஆறேழு வாரம் வளர்ந்து போகும். அதே கூளத்தின் மேலே அடுத்த தொகுதி குஞ்சுகள் வரும். கூளத்தை முழுவதுமாக அள்ளி மாற்றுவது பல பண்ணைகளில் வருடத்துக்கு ஒரு தடவை, சிலவற்றில் அதற்கும் குறைவு. பழைய கூளத்தில் அமோனியா ஏற்கெனவே நிறைந்திருப்பதால் குஞ்சு வந்த முதல் நாளே கொட்டகையில் அது இருக்கும்.

மாணவர்களுக்கு நான் சொல்லும் ஒரு கணக்கு இவ்விடத்தில் உதவும். நீரிலே அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அமோனியம் அயன். அது நீரிலேயே தங்கிவிடும். மற்றது அமோனியா, அதுதான் வாயுவாகிப் பறக்கும். எது எவ்வளவு என்பதைக் கூளத்தின் பி.எச். பெறுமானம் தீர்மானிக்கிறது. பி.எச். 7 ஆக இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூடப் பறக்கும் வடிவில் இராது. 8 ஆனால் ஐந்து பங்கு. 9.25 இல் சரிபாதி. பி.எச். ஒரு படி ஏறினால் பறக்கக்கூடிய அமோனியா ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. படிகாரம் போன்ற அமிலத்தன்மை கொண்ட உப்புகளைக் கூளத்தில் தூவும் வழக்கம் இதனாலேயே வந்தது. ஆகவே இது தடுக்க முடியாத இயற்கை நிகழ்வு அல்ல. கூளம், ஈரம், தீவனத்திலுள்ள புரதம் ஆகிய மூன்றையும் கவனித்தால் குறைக்கக்கூடியது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கொட்டகைக்குள் அமோனியா கூடினால் கோழிக்குக் கண்ணோய் வரும், எடை குறையும். ஆகவே விசிறியைப் போட்டு வெளியே தள்ளுகிறார்கள். உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்குப் போகாதது வெளியே இருப்பவரின் காற்றுக்குப் போகிறது. குளிர்காலத்தில் சூடாக்கும் எரிவாயுச் செலவை மிச்சம் பிடிக்க விசிறியைக் குறைத்தால் நிலைமை தலைகீழாகும். விசிறி மாசை இடம் மாற்றுகிறதே தவிர இல்லாமற் செய்வதில்லை.

2. அது செய்யும் தீங்கு

வேலைத்தலங்களுக்கு அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, வேலை நேரத்துக்குச் சராசரியாகப் பத்து இலட்சம் பங்கு காற்றில் 25 பங்கு அமோனியா. சட்டபூர்வமான எல்லை அதன் இருமடங்கு, 50 பங்கு. ஆனால் பத்துப் பேருக்கு மேற்படாமல் வேலைக்கு வைத்திருக்கும் பண்ணைகளில் மத்திய தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் பணம் செலவழித்துச் சோதனை செய்யக்கூடாதென்று காங்கிரஸ் வரவு செலவுச் சட்டத்தில் வருடாவருடம் எழுதி வருகிறது. பெரும்பாலான ஒப்பந்தக் கோழிப் பண்ணைகள் இந்த எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும்.

மூக்கை நம்பவும் முடியாது. அமோனியாவுக்குள் நெடுநேரம் நிற்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும். "முதல் கிழமைதான் மணத்தது, இப்போது ஒன்றும் தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னால் அது காற்று நல்லதென்பதற்குச் சான்றல்ல.

கொட்டகைக்கு வெளியே விடயம் வேறு. அமோனியா காற்றிலே போய், வாகனங்களும் ஆலைகளும் கக்கும் நைத்திரிக், சல்பூரிக் அமிலங்களுடன் சேர்ந்து மிக நுண்ணிய திண்மத் துணிக்கைகளாகிறது. இவை 2.5 மைக்ரோனிலும் சிறியவை, நுரையீரலின் ஆழம் வரை செல்பவை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாழும் வாசகர்கள் மலைத்தொடருக்கு அப்பால் சான் வோக்கீன் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் தங்கும் புகைமூட்டத்தைக் கண்டிருப்பார்கள். அதிற் பெரும்பங்கு அமோனியம் நைத்திரேற்று. அமோனியாவின் ஊற்று, முதன்மையாக மாட்டுப் பண்ணைகளும் மற்றைய விலங்குப் பண்ணைகளும். உணவு உற்பத்தியிலிருந்து வரும் நுண்துணிக்கை மாசினால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் 15,900 மரணங்கள் நேர்கின்றன என்றும், அவற்றில் 80 வீதம் விலங்குணவோடு தொடர்பானவை என்றும் 2021 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழக இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு இருந்தும், சுத்தமான காற்றுச் சட்டத்தின் முதன்மை மாசுகளின் பட்டியலிலோ நச்சு வாயுக்களின் பட்டியலிலோ அமோனியா இல்லை.

3. எப்படி எண்ணுவது?

"காற்றை எப்படி நிறுப்பது?" என்ற கேள்வியை வேலையிடத்தில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நேரடி அளவீடு. விசிறியால் வெளியேறும் காற்றில் அமோனியாவின் செறிவு என்ன, ஒரு செக்கனுக்கு எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்ற இரண்டையும் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, பத்து இலட்சத்தில் 20 பங்கு என்று வைப்போம். சாதாரண வெப்பநிலையில் இது ஒரு கன மீற்றர் காற்றில் 14 மில்லிகிராம். விசிறிகள் சராசரியாகச் செக்கனுக்கு 10 கன மீற்றர் தள்ளுகின்றன என்போம். செக்கனுக்கு 140 மில்லிகிராம். ஒரு நாளில் 86,400 செக்கன். பெருக்கினால் 12 கிலோ. இருபத்தையாயிரம் கோழிக்குப் பிரித்தால் ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிராம். களத்தில் எடுத்த அளவீடுகளும் இந்தப் பருமனிலேயே இருக்கின்றன. நாலு கொட்டகை உள்ள ஒரு சாதாரணப் பண்ணையில் இது 48 கிலோ, அதாவது 106 இறாத்தல். சட்டத்தின் நூறு இறாத்தல் எல்லையைத் தாண்டியாயிற்று.

கணக்கு இலகு, களம் இலகுவல்ல. குஞ்சாக இருக்கும்போது மிகக் குறைவு, விற்கும் வாரத்தில் மிக அதிகம். கோடையில் எல்லா விசிறியும் ஓடும், மாரியில் ஒன்றிரண்டுதான். விசிறித் தட்டுகளில் தூசி படிந்தால், பட்டி தேய்ந்தால், கம்பனி அச்சிட்ட அளவு காற்று வராது. ஆகவே ஒவ்வொரு விசிறியையும் அந்தந்த இடத்திலேயே அளந்து திருத்த வேண்டும். இதை இரண்டு வருடம் இரவுபகலாகச் செய்யப் பெருந்தொகை செலவாகும்.

இரண்டாவது வழி, கணக்குப்பிள்ளையின் வழி. தீவனத்தில் எவ்வளவு நைதரசன் உள்ளே வந்தது, இறைச்சியில் எவ்வளவு வெளியே போனது, கூளத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தால் மீதி காற்றிலே போனது. தீவனக் கணக்கு கம்பனியிடமும், கோழியின் நிறை எங்கள் தொழிற்சாலைத் தராசிலும் இருக்கின்றன. கூளத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதும். இது துல்லியம் குறைந்த வழி, மலிவான வழி, ஏமாற்றுவதும் கடினம்.

மூன்றாவது, காரணிகளைப் பயன்படுத்துவது. சில பண்ணைகளில் அளந்ததை வைத்து ஒரு கோழிக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணை நிர்ணயித்து, கோழித் தொகையால் பெருக்குவது. இது எல்லாப் பண்ணைகளையும் சராசரியாகவே காட்டும். 2003 இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் இந்த முறையைக் குறை கூறி, தீவனத்திலிருந்து எச்சம், எச்சத்திலிருந்து வாயு எனப் படிமுறைகளைப் பின்தொடரும் கணிப்பு மாதிரிகளே வேண்டுமென்று பரிந்துரைத்தது. விஞ்ஞானரீதியில் அது சரியான பரிந்துரைதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

4. அளக்கும் வரை வழக்கில்லை

2005 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் விலங்குப் பண்ணைகளோடு ஒரு உடன்பாட்டை அறிவித்தது. சேரும் பண்ணையாளர் அல்லது கம்பனி தன் அளவுக்கேற்ப 200 டொலர் முதல் ஒரு இலட்சம் டொலர் வரை தண்டம் கட்டி, நாடளாவிய அளவீட்டு ஆய்வுக்கும் பணம் கொடுக்க வேண்டும். பதிலாக, மதிப்பீட்டு முறைகள் வெளிவரும் வரை காற்று மாசு மீறல்களுக்காக முகவரகம் அவர்கள்மேல் வழக்குப் போடாது. ஏறத்தாழ 14,000 பண்ணைகள் சேர்ந்தன. கலிபோர்னியாவின் சான் வோக்கீன் பள்ளத்தாக்கு மக்கள் அமைப்பொன்று, 'எரிச்சலுற்ற குடியிருப்பாளர் சங்கம்' என்பது அதன் உண்மையான பெயர், இதை எதிர்த்து நீதிமன்றம் போனது. வழக்குத் தொடுப்பதும் விடுவதும் முகவரகத்தின் விருப்பம் என்று 2007 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது.

ஆய்வு 2007 முதல் 2010 வரை பேர்டியூ பல்கலைக்கழகத்தின் தலைமையில் நடந்தது. பன்றி, மாடு, கோழி என இருபதுக்கு மேற்பட்ட இடங்களிற் கருவிகள் பொருத்தப்பட்டன. ஆனால் இறைச்சிக் கோழிக்கு அளவெடுத்த இடங்கள் கென்ரக்கியிலும் கலிபோர்னியாவிலும் மட்டுமே இருந்தன. முகவரகம் 2012 இல் வரைவு முறைகளை வெளியிட்டபோது, அதன் சொந்த விஞ்ஞான ஆலோசனைச் சபை 2013 இல், இவ்வளவு குறைந்த இடங்களின் தரவை நாடு முழுவதற்கும் பொருத்த முடியாதென்று கூறியது. 2017 செப்டம்பரில் முகவரகத்தின் உள்ளகப் பரிசோதகர், உடன்பாடு முடிந்து பதினொரு வருடங்களாகியும் நம்பத்தகுந்த முறை எதுவும் வெளிவரவில்லை என்று அறிக்கையிட்டார். 2021 இல் கோழிக்கான புதிய வரைவு வந்தது. 2024 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்கென வெளியிடப்பட்டவையும் வரைவுகளே. கருவி பொருத்திய வருடம் பிறந்த பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வயதாகிவிட்டது.

தரவு குறைவென்ற விஞ்ஞானிகளின் விமர்சனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் குறைந்த தரவு என்பது அந்தத் தரவை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றிய தீர்ப்பு. அதை ஒன்றும் செய்யாதிருப்பதற்கான அனுமதியாக மாற்றியது விஞ்ஞானம் அல்ல, நிர்வாகம். ஒரு மருத்துவர் நோயாளியின் இரத்த அழுத்தம் 170 ஆ 180 ஆ என்று தெரியவில்லை என்பதற்காக மருந்தே கொடுக்காமல் இருபது வருடம் காத்திருப்பாரா?

5. அறியும் உரிமையிலிருந்து விலக்கு

முதலிற் சொன்ன நூறு இறாத்தல் எல்லை இரண்டு சட்டங்களில் வருகிறது. ஒன்று 1980 இன் 'சூப்பர்பண்ட்' சட்டம். மற்றது 1986 இன் அவசரத் திட்டமிடலும் சமூகத்தின் அறியும் உரிமையும் பற்றிய சட்டம். பின்னது போபாலின் விளைவு. 1984 டிசம்பரில் யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து கசிந்த நச்சு வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகே, தம் வீட்டருகே என்ன வாயு இருக்கிறதென்று மக்கள் அறிய வேண்டும் என்ற கோரிக்கை அமெரிக்காவிற் சட்டமானது.

அந்தச் சட்டங்கள் பண்ணைகளை முதலில் விலக்கவில்லை. கென்ரக்கியில் ரைசன் கம்பனிக்கு எதிராக சியரா கிளப் தொடுத்த வழக்கில் 2003 இல் மத்திய நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. ஒவ்வொரு கொட்டகையையும் தனித்தனியே அல்ல, பண்ணை முழுவதையும் ஒரே இடமாகக் கணக்கிட வேண்டும். கோழியும் தீவனமும் கம்பனியுடையதாக இருப்பதால் அறிவிக்கும் பொறுப்பு கம்பனிக்கும் உண்டு. 2005 இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மேற்சொன்ன கென்ரக்கி அளவீடுகள் அந்தச் சமரசத்தின் பேறு. நாடளாவிய ஆய்வுக்கு முன்பே அங்கே கருவி வைக்க நேர்ந்ததற்குக் காரணம் நீதிமன்றமே.

இதன்பின் விலக்குகள் தொடங்கின. 2008 டிசம்பரில் முகவரகம் பண்ணை எச்ச வாயுக்களை முதலாவது சட்டத்திலிருந்து முற்றாகவும், இரண்டாவதிலிருந்து மிகப் பெரிய பண்ணைகள் தவிர்ந்தவற்றையும் விலக்கியது. 2017 ஏப்ரலில் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தில் இல்லாத விலக்கை முகவரகம் தானாக உண்டாக்க முடியாதென்று அதை ரத்துச் செய்தது. 2018 மார்ச்சில் காங்கிரஸ், பாரிய வரவு செலவுச் சட்டமொன்றுக்குள் வைத்து, முதலாவது சட்டத்திலிருந்து விலக்கை நிரந்தரமாக்கியது. 2019 ஜூனில் முகவரகம் இரண்டாவதிலிருந்தும் முழு விலக்களித்தது. "பண்ணையிலிருந்து அறிவித்தல் வந்தாலும் தீயணைப்புப் படையை அனுப்பப் போவதில்லை, பிறகு ஏன் அறிவிப்பு?" என்பதே முன்வைக்கப்பட்ட வாதம். ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே அறியும் உரிமை இருக்கிறது. தீயணைப்புப் படைக்கு மட்டுமல்ல, அயலிலே ஆஸ்மாப் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கும் அந்த எண் தேவை.

6. எண் இல்லாத இடத்தில் மூக்கு

மத்திய அரசு எண்ணாவிட்டால் மாநிலம் மணக்கிறது. ரெக்ஸாஸில் சூழல் தர ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால் அதிகாரி வந்து நின்று நாற்றம் எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு அருவருப்பானது என்ற நாலையும் அட்டவணையிற் பார்த்து, தொல்லையா இல்லையா என்று முடிவு செய்வார். அதிகாரி வரும்போது காற்று மறுபக்கம் திரும்பியிருந்தால் முறைப்பாடு அன்றைக்கு அவ்வளவுதான்.

ஹென்டர்சன் கவுண்டியில் நடந்த வழக்கொன்றை இங்கே எடுத்துக்கொள்ளலாம். சான்டர்சன் பார்ம்ஸ் கம்பனிக்காக ஒப்பந்தத்தில் கோழி வளர்த்த குடும்பமொன்றின் அடுத்தடுத்த இரு பண்ணைகளில் 16 கொட்டகைகள், நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள். அயலவர்கள் ஆணைக்குழுவுக்குத் திரும்பத் திரும்ப முறைப்பாடு செய்தார்கள். விதிமீறல் அறிவித்தல்கள் வந்தன, நாற்றம் நிற்கவில்லை. வழக்கு யூரிமார் முன் போனது. அவர்கள் தொல்லையென்று கண்டார்கள், நீதிபதி நிரந்தரத் தடை விதித்தார். 2024 ஜூனில் ரெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம், இத்தகைய தொல்லைக்குத் தடை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டென்று ஏற்றது. ஆனால் விதித்த தடை தேவைக்கு மேல் அகலமானதென்று கூறித் திருப்பி அனுப்பியது. முன்னர் நான் போட்ட கணக்கை 16 கொட்டகைக்குப் பெருக்கினால் நாளொன்றுக்கு 190 கிலோவுக்கு மேல், அதாவது 420 இறாத்தல் அளவு வரும். இது அந்தப் பண்ணையின் அளவீடல்ல, பருமனை உணர்த்தும் கணக்கு. ஒரு தொழிற்சாலைக் குழாயில் இவ்வளவு போனால் சில மணி நேரத்துக்குள் அறிவித்தல் போயிருக்கும். இங்கே பல வருடமும் ஒரு யூரி விசாரணையும் தேவைப்பட்டன.

இவ்வழக்கில் நான் அயலவரின் பக்கம் மட்டும் நின்று பார்க்கவில்லை. ஒப்பந்த முறையைப் பாருங்கள். குஞ்சு கம்பனியுடையது, தீவனம் கம்பனியுடையது, எத்தனை குஞ்சு எப்போது வரும் என்று தீர்மானிப்பதும் கம்பனி. கொட்டகையும் வங்கிக் கடனும் எச்சமும் செத்த கோழியும் வளர்ப்பவருடையவை. லாபம் தரும் பகுதி ஒருவர் பெயரிலும் நாறும் பகுதி இன்னொருவர் பெயரிலும் எழுதப்பட்டிருக்கிறது. காற்று மாசுக்குப் பொறுப்பு யாரென்று கேட்டால் எல்லோரும் வளர்ப்பவரைக் காட்டுவார்கள். 2003 இன் கென்ரக்கித் தீர்ப்பு இதனாலேயே முக்கியமானது.

7. வேறு நாடுகளில்

ஐரோப்பாவிலுள்ள வாசகர்களுக்கு இது வியப்பாயிருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 40,000 இறைச்சிக் கோழிக்கு மேற்பட்ட பண்ணைக்குக் கைத்தொழில் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2017 பெப்ரவரித் தீர்மானத்தின்படி, இரண்டரைக் கிலோவுக்கு மேற்படாத கோழிக்கு ஒரு கோழி இடத்துக்கு ஆண்டுக்கு 0.08 கிலோ என்பது அமோனியாவின் மேலெல்லை. அமெரிக்கக் கோழி பெரியது என்பதையும் கருத்திற் கொண்டு ஒப்பிட்டால், நாளுக்கு அரைக் கிராம் என்பது ஆண்டுக்கு 0.18 கிலோ. அங்கே ஆண்டுக்கு 10,000 கிலோவுக்கு மேல் அமோனியா விடும் பெரும்பண்ணைகளின் எண்கள் பகிரங்கப் பதிவேட்டில் இருக்கின்றன. அவையும் பெரும்பாலும் காரணிகளாற் கணித்த மதிப்பீடுகள்தான். பிழை இருக்கிறதென்று தெரிந்தும் பயன்படுத்துகிறார்கள், பிறகு திருத்துகிறார்கள்.

நாமக்கல்லைக் கொண்ட இந்தியாவில் கோழிப் பண்ணைகள் நெடுங்காலம் மாசு அனுமதிச் சட்டங்களுக்கு வெளியே இருந்தன. 2020 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த விலக்கை மீள ஆராயப் பணித்தது; மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 இல் புதிய வழிகாட்டலை வெளியிட்டது.

எமது ஊரிலும் இதே பிரச்சினையின் வேறு வடிவத்தைக் கண்டோம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்பதைவிட யாருடைய பரிசோதனையை நம்புவது என்பதே பெரிய சண்டையானது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அதுவரை மக்கள் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். அளவீடு தாமதிக்கும்போது அதன் செலவை ஏழைகளே கட்டுகிறார்கள்.

8. எமக்கென்ன?

இப்போது முன்னர் சொன்ன கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் கோழித் தொழிலுக்கும் அகதிகளுக்கும் நீண்ட உறவு உண்டு. ஹிட்லரின் முகாம்களிலிருந்து தப்பிய யூதக் குடும்பங்கள் பல 1940களின் பிற்பகுதியில் நியூ ஜேர்சியின் வைன்லாந்தில் முட்டைக் கோழி வளர்த்தன. அதற்கு முன்பே விரிகுடாப் பகுதியின் பெற்றலூமாவில் கிழக்கு ஐரோப்பிய யூதர் அதே தொழிலைச் செய்தனர். ஆங்கிலம் குறைவு, கையில் முதல் குறைவு, ஒருவருக்குக் கீழ் நிற்க மனமில்லை. கோழி அதற்கு இடங்கொடுத்தது. பின்னாளில் தென்மாநிலங்களில் வியட்நாமிய, மொங் குடும்பங்கள் ஒப்பந்தப் பண்ணைகளை வாங்கின. எம்மவர் சிலரும் சேமிப்பைப் போட்டு ஒரு பண்ணை வாங்கினாலென்ன என்று என்னிடம் கேட்கிறார்கள். வைன்லாந்துக்காரருக்குக் கோழியாவது சொந்தம். இன்றைய ஒப்பந்தக்காரருக்கு எச்சம்தான் சொந்தம். வாங்க முன் ஒப்பந்தத்தில் எச்சமும் காற்றும் யாருடைய பொறுப்பென்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அயலவர் வழக்குப் போட்டால் சட்டத்தரணிக்குக் காசு யார் கொடுப்பதென்று கேளுங்கள்.

வேலையா, காற்றா என்ற தெரிவை நான் ஏற்கவில்லை. கூளத்தைக் காய்ச்சலாக வைத்திருக்கவும், அமில உப்புத் தூவவும், தீவனப் புரதத்தைச் சரியாக அளக்கவும் ஆட்கள் வேண்டும். அவை வேலையைக் குறைப்பவை அல்ல. செலவைச் சிறிது கூட்டுபவை. அந்தச் செலவு இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. அது கோழி பிடிப்பவரின் கண்ணிலும் அயல் வீட்டுப் பிள்ளையின் நெஞ்சிலும் கட்டப்படுகிறது. கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஏறுவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை மூன்று என்பது என் கருத்து. துல்லியமான மாதிரிகள் வரும் வரை நைதரசன் கணக்கைக் கொண்டாவது ஒவ்வொரு பெரிய பண்ணையின் அளவும் மதிப்பிடப்பட்டுப் பகிரங்கமாக வேண்டும்; பிழையின் எல்லையையும் சேர்த்தே எழுதலாம். கோழி யாருடையதோ அவருக்கே அறிவிக்கும் பொறுப்பும் இருக்க வேண்டும். கொட்டகைக்குள் வேலை செய்பவர் பத்துப் பேரானாலும் இரண்டு பேரானாலும் 25 பங்கு எல்லை அவர்களுக்கும் பொருந்த வேண்டும்.

இவற்றில் முதலாவதையே பண்ணையாளர் மிகவும் அஞ்சுவர், எண் வந்தால் வழக்கு வருமென்று. ஆனால் எண் இல்லாமலும் ஹென்டர்சன் கவுண்டியில் வழக்கு வந்தது. நல்லமுறையிற் கூளம் பராமரிக்கும் ஒருவருக்குத் தன்னை நிரூபிக்க எண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. இதில் மாறுபடுவோர், குறிப்பாகப் பண்ணை நடத்திய அனுபவம் உள்ளோர், அடுத்த இதழில் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.